வயல் நடுவே நின்ற வீடு

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையிலிருந்து கொக்கோ விதையைப் பரப்புவதும் அள்ளுவதுமாகவே போனது. மேகம் வரும், ஓடிப்போய் அள்ளுவேன். அள்ளி முடித்ததும் வெயில் வந்துவிடும். கடைசித் தடவை அள்ளாமல் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பெய்யாமல் மலைப்பக்கம் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தால்தான் எனக்கு நல்லது நடக்கிறது.

மத்தியானம் மூத்தார் வந்தார். அம்போ உப்பே, என் புருஷன் மக்குலாவுக்கு அண்ணன். இந்த மனை அவர் பேரில்தான் இருக்கிறது. படியேறாமல் வீட்டுக்கடியில், தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து காபி குடித்தார். என் மகள் தென்ரியின் படிப்பைப் பற்றிக் கேட்டார். கோழிகளைப் பற்றிக் கேட்டார். கூரைத் தகரம் ஒழுகுகிறதா என்று கேட்டார். அவர் இத்தனை கேள்வி கேட்டால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ராபியா, ஹஜ்ஜுக்கு எம் பேரு வந்திருச்சு."

சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே. அவர் பேர் பதிந்தபோது தென்ரி என் வயிற்றில்கூட இல்லை.

"அல்ஹம்துலில்லா. எப்ப மச்சான் புறப்பாடு?"

"அடுத்த வருஷம். அதுக்கு முன்னால..." கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "இந்த மனையைக் கொடுத்துட்டேன்மா. ஆலைக்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தாரு. வீடு உன்னோடது, அதை நான் தொடல. மண்ணை மட்டும்."

வீடு என்னுடையது, மண் அவருடையது. இதில் சண்டை போட ஒன்றுமில்லை. மண் கைமாறினால் மரவீட்டை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான், இந்த ஊரில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆனாலும் அவர் போன பிறகு படியில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்குலாவு அந்தச் சாலையில்தான் போனார். வந்தாலும் அதில்தான் வருவார். வீடு இங்கே இல்லையென்றால்?

செப்டம்பர் 18, புதன்

கனவில் வீடு தூங்கிக்கொண்டிருந்தது. பலகைகள் மெல்ல ஏறி இறங்கின. நான் சத்தம் போடாமல் நடந்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

மக்குலாவு மலேசியாவிலிருந்து, அந்தத் தவாவிலிருந்து, போன் செய்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நகர்ந்தால்தான் சிக்னல் கிடைக்கும் போல. குரல் வருவதும் போவதுமாக இருந்தது. மனை விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டை நகர்த்தாத. நான் வந்து பாத்துக்கிறேன்."

"எப்ப வருவீங்க?"

"இங்க மழை முடியட்டும்."

போன வருடமும் மழை முடியட்டும் என்றார். அதற்கு முந்தின வருடமும். அந்த ஊரில் மழை முடிவதே இல்லை என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஒன்பது வருடமாக ஒருத்தர் ஈரத்திலேயே நிற்க முடியுமா? சளி பிடிக்காதா?

தென்ரி பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அப்பா வரேன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"சரி" என்றாள். பதினைந்து வயதுப் பெண் அந்த ஒரு வார்த்தையை இப்படிச் சொல்லக் கூடாது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஓடைக்கரைக்குப் போய் அம்மா விட்டுப்போன மண்ணைப் பார்த்தேன். பாதி எனக்கு, பாதி தங்கை கசியாவுக்கு. அவள் பாதியில் வீடும் வாழைகளும் அவளுடைய சத்தமும் இருக்கின்றன. என் பாதியில் மூங்கில் மட்டும்தான். காற்றில் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிப் பேசிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அங்கேயே கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

"இங்க கொண்டு வாக்கா. நான் அப்பவே சொன்னேன். ஊரான் மண்ணுல எதுக்கு வீடு?" என்றாள் கசியா.

"ஊரான் மண்ணா? மாமனார் மண்ணுடி."

"ஆமா, மாமனார் மண்ணு. அவரு பெத்த பிள்ளை அதுல எத்தனை நாள் நின்னாரு?"

 அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மூங்கிலே அலுத்துப்போய்விடும். ஆனால் முடிவு செய்துவிட்டேன். அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டது. இங்கிருந்து ஓடைக்கரை வரைக்கும் வழியில் வயலையும் கடைசியில் ஓடையையும் தவிர வேறு எதுவும் இல்லை. வீடு நேராக நடந்து போகலாம்.

அக்டோபர் 2, புதன்

கொல்லேங் மாமா வந்து வீட்டைப் பார்த்தார். வீடு தூக்கும்போது கையில் ஒலிபெருக்கி பிடித்துக் குரல் கொடுப்பவர் அவர்தான். அந்த ஒரு நாளில் மந்திரி மாதிரி இருப்பார். மற்ற நாளில் வாத்து மேய்ப்பார்.

ஒவ்வொரு தூணையும் தட்டிப் பார்த்தார். நடுவில் இருக்கும் தொப்புள் தூணில் மட்டும் காதை வைத்துக் கேட்டார்.

"திடமா இருக்கு. உள்ள இருக்கிறதெல்லாம் இறக்கிரு. கட்டிலு, பீரோ, சட்டி, பானை, எல்லாம். வீடு வெறும் வயித்தோட இருக்கணும்."

"சரி மாமா."

"எல்லாத்தையும்."

"சரிங்கறேன்ல."

பரணில் இருக்கும் நெல்லை நான் சொல்லவில்லை. அது சாமான் இல்லையே. கதிர்க்கட்டாக மேலே ஏறிய நெல், சமைக்க ஒரு கட்டு இரண்டு கட்டு என்று இறங்கலாம். மொத்தமாக மூட்டை கட்டித் தெருவில் கொண்டுபோவதாவது? நெல்லில் குடியிருக்கும் தாய் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் வீட்டைத் தூக்கி என்ன பயன்? வீட்டோடு வரட்டும், வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே.

அக்டோபர் 6, ஞாயிறு

வீடு வீடாகப் போய் வெள்ளிக்கிழமைக்கு ஆள் கேட்டேன்.

இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு நீ என் வீட்டுக்குத் தோள் கொடு, நாளைக்கு நான் உன் வீட்டுக்கு. எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆண் வருவான். எங்கள் வீட்டிலிருந்து ஒன்பது வருடமாக யாரும் போகவில்லை. நான் பயறுக் கஞ்சிதான் காய்ச்சிக் கொடுத்தனுப்பினேன். கஞ்சி தோளாகுமா?

பெரும்பாலும் நல்லபடியாகவே பேசினார்கள். "பாக்கலாம்மா", "வந்துருவாங்க" என்றார்கள். தாஜாங்கின் பெண்டாட்டி ஹனாபியா மட்டும் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்:

"உங்க வீட்டுத் தோளு எங்க? மலேசியாவுல பனைமரத்தைத் தூக்குதோ?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? வரப்பில் வரும்போது அழுகை வந்துவிட்டது. அவ சொன்னதுல என்ன தப்பு? உண்மையத்தானே சொன்னா. அதான் வலிக்குது.

அக்டோபர் 11, வெள்ளி

தொழுகை முடிந்ததும் வந்தார்கள். எதிர்பார்த்ததில் பாதி பேர்தான். தேர்தலில் நிற்கும் யாரோ பக்கத்து ஊரில் ஆடு வெட்டி விருந்து வைக்கிறாராம், இளவட்டங்கள் அங்கே போய்விட்டார்கள். மூத்தார் சட்டையைக் கழற்றிவிட்டு முன் மூலையில் வந்து நின்றார். "இந்த வயசுல வேண்டாம் மச்சான்" என்றேன். காதில் வாங்கவில்லை.

தூண்களுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, அதன் அடியில் தோள்களை நுழைத்தார்கள். கொல்லேங் மாமா ஒலிபெருக்கியில் எண்ணினார். வீடு தரையை விட்டது.

இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் போனது என் வீடு. எதிரில் ஜன்னல் திறந்தபடி, திரைச்சீலை ஆடிக்கொண்டு, நான் சமைக்கும் மூலை, தென்ரி பிறந்த மூலை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆட்டின் மேல் ஏறிய குழந்தை போல அசைந்து அசைந்து போயின. கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வீட்டுக்கே கால் முளைத்துவிட்டது என்று தோன்றியது. பின்னாலேயே நடந்தேன். 

தாஜாங்கின் வயலில் பாதி தாண்டியபோது மழை வந்தது. இந்த மாதத்தில் வழக்கமாகப் பெய்யாத மழை. தாள் நிலம் நொடியில் குழைந்துவிட்டது. முன்னால் நின்றவனுக்கு முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. வீடு ஒரு பக்கம் சாய்ந்தது.

"இறக்கு, இறக்கு, மெதுவா" என்று கொல்லேங் மாமா கத்தினார்.

இறக்கினார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. எல்லோரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கொல்லேங் மாமா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மேலே ஏறினார். பரணைப் பார்த்தார். கீழே வந்து என் முன்னால் நின்றார்.

"என்னம்மா இது?"

"நெல்லு மாமா."

"நெல்லுன்னு எனக்குத் தெரியாதா? வெறும் வயித்தோடன்னு சொன்னேன்ல. ஒரு போகத்தையே உள்ள வச்சு எங்களைத் தூக்கச் சொல்லியிருக்க."

"அதை எப்படி மாமா மூட்டை கட்டி..."

 நான் சொல்வது அவருக்கும் புரிந்தது, அதனால்தான் மேலே திட்ட முடியவில்லை. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை இவர்களாவது வருவார்களா?

அக்டோபர் 12, சனி

வயல் நடுவே விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே கொக்குகள் நிற்கின்றன. வரப்பு இல்லை, வேலி இல்லை, சாலை இல்லை. தண்ணீர் தேங்கிய இடத்தில் வீடு தலைகீழாகத் தெரிகிறது.

கசியா தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. வழியில் நிற்கும் வீட்டைத் தனியாக விட்டுவிட்டா போவது?

அக்டோபர் 13, ஞாயிறு

ஹனாபியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். தலையில் வாழையிலையில் சுற்றிய சோறு.

"எங்க வயலுக்குக் குடிவந்தவ எப்படியிருக்கான்னு பாக்க வந்தேன்."

"இருக்கேன்."

"நாத்து விடுறதுக்கு முன்னாடி காலி பண்ணிருவல்ல? இல்லன்னா உன்னைச் சுத்தித்தான் நடணும்."

"நடு. ஜன்னல்ல இருந்தே அறுத்துக்கிறேன்."

சிரித்துவிட்டாள். படியில் உட்கார்ந்து, வெகுநேரம் பேசினோம். போகும்போது, அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். கொஞ்சம் வைத்திருந்தேன், இன்றைக்குப் போய்விட்டது.

அக்டோபர் 15, செவ்வாய்

ஊர்ப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். வயல் நடுவே நிற்கும் வீடு ஜாவா வரைக்கும் போய்விட்டது, தவாவுக்கும் போய்விட்டது என்று தென்ரி சொல்கிறாள். இத்தனை வருடமாக நகராத வீடு நகர்ந்ததும் எப்படி ஊர் சுற்றுகிறது பார்.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, இதை யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் பனி மூடினால் தரையே தெரிவதில்லை. எதிலும் படாமல் மிதந்துகொண்டிருப்பது போலிருக்கிறது. யாருடைய மண்ணிலும் இல்லை. யாருக்காகவும் எந்தப் பக்கமும் பார்க்க வேண்டியதில்லை. வீடு இப்போது திரும்பியிருக்கும் திசையில் சாலையே கிடையாது. நாலு நாளாக நான் சாலையைப் பார்க்கவில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

அக்டோபர் 17, வியாழன்

அவர் வந்திருக்கிறார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. தென்ரி கசியா வீட்டில் இருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து குரல் வந்தது, "வீட்டுல யாரு?" என்று. விருந்தாளி கேட்பது போல. போனில் கேட்டுக் கேட்டு நான் மறந்தே போயிருந்த முழுக்குரல்.

படத்தைப் பார்த்தாராம். அன்றைக்கே எல்லை தாண்டி நுனுக்கான் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறினாராம்.

"ஏறி வாங்க" என்றேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"இல்ல ராபியா. கீழேயே இருக்கேன். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு, அதுக்கப்புறமும் ஏறச் சொன்னா ஏறுறேன்."

சமையல் மூலையில் தரை மூங்கில் பிளாச்சு. இடுக்கு வழியாக அவர் தலை தெரிந்தது, முடி கொட்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் தூணில் சாய்ந்துகொண்டார். தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே கீழேயிருந்து மேலே பேசினார்.

அங்கே ஒரு பெண் இருக்கிறாளாம். ஒரு பையனாம். மூன்று வயசாம்.

 அவரே சொன்னார். அவள் தோட்டத்தில் சமைக்கிறவள். இவர் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டாள். நல்லவளாம். நல்லவளாத்தான் இருப்பா. காய்ச்சல்ல கிடந்தா நானுந்தான் பாத்திருப்பேன், எங்கிட்ட சொன்னியா? மழை முடியட்டும் மழை முடியட்டும்னு — மூணு வருஷமா உன் மழைக்குப் பேரு வச்சு வளத்துக்கிட்டிருந்திருக்க. நான் இங்க சாலையைப் பாத்துக்கிட்டு. கசியா கேலி பண்ணுறா, ஹனாபியா கேலி பண்ணுறா, எல்லாத்துக்கும் சிரிச்சுக்கிட்டு —

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

 போய்விட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். அங்கேயே இருந்தார்.

"வீடு நடுவழியில நின்னு போச்சுல்ல. நம்ம வீட்டுத் தோளு இல்லாமத்தானே."

அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும். ஏறி வாங்க என்று நான் மறுபடி சொல்லவில்லை. சோறும் கருவாடும் போர்வையும் கீழே இறக்கிக் கொடுத்தேன். தூண்களுக்கு நடுவே கயிற்றுத் தொட்டில் கட்டிப் படுத்துக்கொண்டார். தென்ரி வந்து, படியில் நின்று அவரைப் பார்த்தாள். "அப்பா" என்றாள். மேலே ஏறி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "தெரியும்மா. போட்டோ பாத்திருக்கேன்" என்றாள். எத்தனை நாளாக இதை எனக்காக மறைத்து வைத்திருந்தாளோ, கேட்க மனசு வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பொறுமையாக எழுத வேண்டும். இதை மறக்கக் கூடாது.

காலையிலேயே ஹனாபியா வந்தாள், பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கீழே மக்குலாவு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.  என்னைக் கூப்பிட்டாள்.

"நெல்லு மூட்டையில போகக் கூடாது, அவ்வளவுதானே? எங்க தலையில போகட்டும்."

எனக்கு இது தோன்றவேயில்லை. யாருக்குமே தோன்றவில்லை. பரணிலிருந்து கதிர்க்கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். ஆளுக்கு ஒன்று, மேலே மஞ்சள் துணி போர்த்தித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வரிசையாக நடந்தோம். போய் இறக்கிவிட்டுத் திரும்ப வந்தோம், மறுபடியும் போனோம். கடைசி வரிசையில் சின்னப் பெண்கள்கூட வந்தார்கள்.  கதிர் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கல்யாணத்தில்கூட என்னை இத்தனை பேர் அழைத்துப் போனதில்லை.

தொழுகை முடிந்ததும் ஆண்கள் வந்தார்கள். இந்தத் தடவை கூட்டம் இடம் கொள்ளவில்லை. விருந்துக்குப் போனவர்கள் வெட்கத்தோடு முன்னால் வந்து நின்றார்கள். மக்குலாவு தொப்புள் தூணுக்குப் பக்கத்து மூங்கிலில் தோளைக் கொடுத்தார். அடுத்த ஆள் அவருடைய அண்ணன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே தூக்கினார்கள்.

"ஏம்பா மக்குலாவு, ஒன்பது வருஷத்துத் தோளையும் இன்னைக்கே கொடுத்துருவ போலிருக்கே" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னான். அவர் நிமிரவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

வெறும் வயிற்று வீடு எவ்வளவு லேசாகப் போகிறது. ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் இடுப்பு வரைக்கும் இருந்தது. வீடு நீந்துவதைப் பார்த்துக்கொண்டு மறு கரையில் நின்றேன். அஸர் தொழுகைக்கு முன்னால் மூங்கில்களுக்கு நடுவே, கல்லின் மேல், ஆடாமல் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் அது வந்தது. எனக்குத் தெரியும் வரும் என்று. இறக்கிய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் முதலில் ஏற வேண்டும், அவர் கையில் சேவல், இவள் கையில் பெட்டைக்கோழி. கொல்லேங் மாமா பெட்டையை என்னிடம் கொடுத்தார். சேவலைத் தூக்கிக்கொண்டு மக்குலாவிடம் போனார். முகமெல்லாம் சிரிப்பு அவருக்கு. சரியான நேரத்தில் புருஷன் வந்து சேர்ந்தானே என்று. ஊரே சிரித்தபடி நின்றது. மக்குலாவு கையை நீட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். சொல்லு, நீ சொன்னபடி செய்கிறேன் என்று பார்த்தார்.

ஏறச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். ஊருக்கு முன்னால் என் தலை நிமிர்ந்திருக்கும். இரண்டு நாள் மேலே இருந்துவிட்டுக் கப்பலுக்குப் போயிருப்பார், நான் மறுபடியும் அடுத்த மழை முடிவதற்குக் காத்திருப்பேன். அது எனக்குப் பழக்கமான வேலைதான். பெட்டைக்கோழியின் நெஞ்சு என் கையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"சேவலைத் தென்ரிகிட்ட கொடுங்க மாமா" என்றேன்.

"என்னம்மா சொல்ற? ஆம்பளை ஏறணும்."

"தூக்கினது ஊரு ஆம்பளைங்க எல்லாரும். இதுல இருக்கப் போறது நாங்க ரெண்டு பேரு. இருக்கப் போறவங்க ஏறுறோம்."

 கசியாவுக்கே வார்த்தை வரவில்லை, அதை நான் என் காலத்தில் பார்த்ததில்லை. கொல்லேங் மாமா மக்குலாவைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார், மெதுவாக, தரையைப் பார்த்தபடி. "கொடுத்துருங்க மாமா. நான் தூக்கத்தான் வந்தேன்."

தென்ரி சேவலை வாங்கினாள். அது அவள் கையைக் கொத்தியது, "சும்மா இரு" என்று அதட்டினாள். யாரோ சிரித்தார்கள், அதோடு கூட்டத்துக்கு மூச்சு வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். உள்ளே எதுவுமே இல்லை, மூங்கில் இலையின் பச்சை வெளிச்சம் மட்டும் பலகையில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் யார் வீடோ என்று நினைத்தேன்.

கீழே ஹனாபியா கஞ்சி ஊற்ற ஆரம்பித்துவிட்டாள். அவர் ஒரு கிண்ணம் வாங்கிக் குடிப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அக்டோபர் 19, சனி

கப்பல் பிடிக்கக் காலைப் பேருந்தில் பரே-பரேவுக்குப் போனார். தோள் ஊதியிருந்தது, இஞ்சி அரைத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டார், தானே தடவிக்கொண்டார்.

"தலாக்கு வேணும்னா..." என்று ஆரம்பித்தார்.

"இமாம்கிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன். நீங்க பையனைப் பாருங்க. பேரு என்ன?"

சொன்னார். நல்ல பேர்தான். தென்ரி சாலை வரைக்கும் அவரோடு போனாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

நாள் முழுக்கத் தூங்கினேன். கசியா இரண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாளாம்.

அக்டோபர் 30, புதன்

கதிர்க்கட்டுகளைப் பரணில் அடுக்கி முடித்தோம். மூத்தார் வந்து படிக்கட்டைச் சரிசெய்து கொடுத்தார். ரொம்ப நேரம் சுத்தியலோடு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் மனையை விக்காம இருந்திருந்தா..." என்றார்.

"விக்காம இருந்திருந்தா நான் இன்னும் அங்கேயே உக்காந்திருப்பேன் மச்சான்" என்றேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. நான் நன்றியாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 6, புதன்

கனவில் மக்குலாவு ஒரு சின்னப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வயலில் நடந்து போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு வருத்தமாகவும் இல்லை. விழித்த பிறகு கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தது.

நவம்பர் 21, வியாழன்

சாயங்காலம் மக்குலாவு போன் செய்தார். முதலில் தென்ரியிடம் பேசினார், பரீட்சையைப் பற்றி. அப்புறம் அவள் போனை என்னிடம் கொடுத்தாள்.

"புது இடத்துல காத்து வருதா?"

"வருது. மூங்கில்தான் ராத்திரியெல்லாம் சத்தம் போடுது."

"பழகிரும்."

"பழகிருச்சு."

அங்கே மழையா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பின்னால் குழந்தை எதற்கோ அழுதது, போய்ப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாதி வறுத்திருந்த தேங்காயைப் போய்க் கிளறினேன். அது நிறம் மாறி, வாசனை வந்து, இறக்கி வைத்த பிறகுதான் தோன்றியது. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

தென்ரியைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.